மச்சான் பேரில் ஒரு பிராது

மஞ்சக்குப்பம்,
10.12.2024

தங்கை மலர்க்கொடிக்கு அண்ணன் உத்திராபதி அன்போடு எழுதுவது.

நான் நன்றாக இருக்கிறேன். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் இந்த வீட்டில் இரண்டு பேர் நான் நன்றாக இல்லை என்று முடிவுசெய்து, அதற்குச் சாட்சி திரட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவன் நான் பெற்ற மகன் செல்வம். இன்னொருத்தி அவன் பெண்டாட்டி வினோதினி. சிதம்பரத்தில் நீயும் மச்சானும் நலமா? புயல் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா? மச்சானுக்கு முட்டிவலி குறைந்ததா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் சொன்னதை மறுநாள் சொல்லவே இல்லை என்கிறார்கள். சொல்லாததைச் சொன்னேன் என்கிறார்கள். காகிதத்தில் எழுதிவிட்டால் அந்த விளையாட்டு நடக்காது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பழைய கலெக்டர் ஆபீசுக்கு எதிரே மரத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இந்தத் தாலுகா சனத்துக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்தவன். சட்டத்தையும் நானாகத்தான் படித்தேன், இங்கிலீஷையும் நானாகத்தான் படித்தேன். என் மனுவை எந்த தாசில்தாரும் விவரம் போதாது என்று திருப்பியதில்லை. எனக்கு இப்போது ஞாபகம் இல்லையாம்.

நடந்தது இதுதான். குளியலறையில் தலை சுற்றியது, உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன், விழவில்லை. அதை விழுந்தேன் என்று சொல்லி இருதய டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். டாக்டரம்மாவுக்கு உன் மகள் கயல்விழி வயசு இருக்கும். நெஞ்சில் ஒயர் ஒட்டி இசிஜி எடுத்தார்கள். அது சரி. அப்புறம் கேட்கிறாள்:

“ஐயா, இன்னிக்கு என்ன கெழமை?”

“ஏம்மா, இம்மாம் பெரிய ஆஸ்பத்திரியில ஒரு காலண்டர் இல்லியா?” என்றேன்.

ஒரு தாளைக் கொடுத்து, கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொன்னாள். வட்டம் போட்டேன். எண் போட்டேன். எந்த முள் எங்கே என்பதை அவளே போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். நெஞ்சைப் பார்க்க வந்த இடத்தில் மூளையைச் சோதிக்க இவளுக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது? கேட்டால் விளக்கம் சொல்கிறாள். “கீழ மோட்டார் மெதுவா ஓடுனா மாடி டேங்குக்குத் தண்ணி ஏறுமாய்யா? ஒங்க இதயம் ரொம்ப மெதுவா துடிக்குது. தலைக்கு ரத்தம் போதலை. அதான் கொழப்பம்” என்று. பேஸ்மேக்கர் என்று ஒரு மிஷினைத் தோளுக்குக் கீழே தோலுக்குள் வைத்துத் தைக்க வேண்டுமாம். கையெழுத்துப் போட மாட்டேன் என்று வந்துவிட்டேன். என் டேங்க் நிரம்பித்தான் இருக்கிறது.

மச்சானிடம் சொல். அவருக்குத்தான் என் நியாயம் புரியும். மார்கழித் தேருக்கு இன்னும் கூப்பிடவில்லையே, என்ன கோபம் என்றும் கேள். மச்சானுக்கு முட்டிவலி குறைந்ததா? எழுது.

பதிலை எதிர்பார்க்கும் அண்ணன்,
உத்திராபதி


சிதம்பரம்,
16.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு மலர்க்கொடி வணக்கம் சொல்லி எழுதுவது.

நான் இருக்கிறேன். மழைத் தண்ணீர் வாசற்படி வரைக்கும் வந்துவிட்டுப் போய்விட்டது. உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. தலை சுற்றினால் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். தனியாகக் குளிக்கப் போகாதீர்கள்.

அண்ணா, ஒன்றை எழுத வேண்டியிருக்கிறது. எப்படி எழுதுவது என்று தெரியாமல் இந்தத் தாளை வைத்துக்கொண்டே இருந்தேன். அவர் இல்லை. புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை காலையில் எழுப்பப் போனேன், எழுந்திருக்கவில்லை. நீங்கள் அன்றைக்கே வந்தீர்கள். கருமாதிக்கும் வந்து கூட இருந்தீர்கள். இதையெல்லாம் நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்றால், டாக்டரம்மா சொல்வதில் ஏதோ இருக்கிறது. வீம்பு பிடிக்காமல் அந்த மிஷினை வைத்துக்கொள்ளுங்கள். கூடப் பிறந்தவர் என்று எனக்கு மிச்சம் இருப்பது நீங்கள் ஒருவர்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை,
மலர்க்கொடி


மஞ்சக்குப்பம்,
23.12.2024

அன்புள்ள அத்தைக்கு வினோதினி எழுதுவது.

நீங்கள் சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா? இதை மாமாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். போனில் பேசினால் எங்கிருந்தாலும் வந்து நின்று, “யாரு, மச்சானா? குடு” என்று கையை நீட்டுகிறார்.

உங்கள் கடிதத்தை அவரே பிரித்துப் படித்தார். அப்போதுதான் முதன்முதலாகக் கேள்விப்படுகிறவர் மாதிரி “ஐயோ மச்சான்” என்று தரையில் விழுந்து அழுதார். அன்றைக்கு முழுக்கத் தண்ணீர்கூட இறங்கவில்லை. காலையில் எழுந்தார். கண்ணெல்லாம் வீங்கியிருக்கிறது. “வினோதினி, நான் எதுக்கு அழுதேன்? இங்க யாரு செத்தா?” என்று கேட்டார். நான் என்ன சொல்வேன் அத்தை? என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரும் இல்லை மாமா என்று சொல்லிவிட்டேன்.

அந்தக் கடிதத்தை அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டேன். இன்னொரு முறை அப்படி எழுதாதீர்கள். ஒவ்வொரு தடவையும் புதுச் சாவாக இருக்கிறது. நாடி முப்பத்தெட்டுதான் ஓடுகிறது, இவ்வளவு அழுதால் அதுவும் நின்றுவிடும் என்று டாக்டர் சொல்கிறார். பேஸ்மேக்கர் வைத்தால் தலை தெளிய வாய்ப்பு இருக்கிறதாம். நாள் போகப் போக அந்த வாய்ப்பும் குறைந்துவிடுமாம். ஆனால் பேச்சை எடுத்தாலே சண்டைக்கு வருகிறார்.

நீங்கள்தான் எப்படியாவது சொல்லிச் சம்மதிக்க வைக்க வேண்டும்.

வினோதினி


மஞ்சக்குப்பம்,
10.1.2025

தங்கை மலர்க்கொடிக்கு, அண்ணன்.

நான் நலம். நீயும் மச்சானும் நலமா? நான் எழுதியதற்கு நீ பதிலே போடவில்லை. தபால்காரரை நிறுத்திக் கேட்டேன், வரவில்லை என்கிறார். வினோதினியைக் கேட்டால் அடுப்பைப் பார்க்கிறாள். இது இருக்கட்டும்.

பொங்கல் வரிசையைச் செல்வத்திடம் கொடுத்தனுப்புகிறேன். உனக்குப் புடவை, வளையல், மஞ்சள் கொத்து, பன்னீர்க் கரும்பு. மச்சானுக்கு நாலு முழ வேட்டி, மாம்பழக் கரை. கடைக்கு நானே போய் எடுத்தேன். செல்வம் கூட வந்தான். வேட்டியை எடுத்தபோது “அப்பா, வேட்டி எதுக்குப்பா?” என்றான். அத்தைக்கு மட்டும் கொடுத்துவிட்டு மாமனை விட்டுவிடுவதா? நம் வீட்டில் அப்படி வழக்கம் உண்டா? கடைக்காரர் எதிரிலேயே திட்டினேன். வாயை மூடிக்கொண்டு பணத்தைக் கட்டினான். மச்சானுக்கு முட்டிவலி குறைந்ததா?

இப்போது சில நாட்களாக ஒரு தொந்தரவு. மத்தியானம் படுத்து எழுந்தால் எந்த வீட்டில் இருக்கிறேன் என்று கொஞ்ச நேரம் பிடிபடுவதில்லை. ஜன்னல் இடம் மாறி இருக்கிறது. யாரோ மாற்றியிருக்கிறார்கள். தெருமுனையில் இருந்த டீக்கடையையும் நகர்த்திவிட்டார்கள். போன வாரம் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வர வழி கேட்க வேண்டியதாகிவிட்டது. முனிசிபாலிடிக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். மேற்படி டீக்கடையை ஏற்கெனவே இருந்த இடத்திலேயே வைக்க உத்தரவிட வேண்டும் என்று.

தேருக்கு அழைப்பு இல்லை. மச்சானுக்கு முட்டிவலி என்றால் நான் வந்து கையைப் பிடித்து மேல வீதிக்குக் கூட்டிப்போக மாட்டேனா? அவரைப் பதில் போடச் சொல்.

வேட்டியை அவர் கட்டிப் பார்த்ததும் எப்படி இருக்கிறது என்று எழுத மறக்காதே.

உத்திராபதி


சிதம்பரம்,
20.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு மலர்க்கொடியின் வணக்கம்.

நான் நலம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? கால் வீங்குகிறது என்று செல்வம் சொன்னான். காலைத் தலையணை மேல் வைத்துப் படுங்கள். உப்பைக் குறையுங்கள்.

வரிசை வந்தது. புடவை நல்ல நிறம். கரும்பை மாடியில் குடியிருப்பவர்களின் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். வேட்டியைப் பீரோவில் அவருடைய தட்டில் வைத்திருக்கிறேன். வளையல் என் கைக்குச் சின்னது, இருக்கட்டும்.

செல்வத்துக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். குடிக்காமல் ஆறவிட்டு, டம்ளரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். நல்ல பிள்ளை அண்ணா. அவனைக் கடையில் வைத்தெல்லாம் திட்டாதீர்கள்.

டீக்கடை இடம் மாறியிருக்காது அண்ணா. ரத்தம் ஏறாவிட்டால் தெரிந்த இடமெல்லாம் தெரியாத இடமாக ஆகிவிடுமாம். டாக்டரம்மா சொன்னதையே நானும் சொல்கிறேன். வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன டப்பாதான். இங்கே எதிர்வீட்டு லூர்துசாமி வாத்தியார் வைத்துக்கொண்டு, நடந்தே போய்க் காய்கறி வாங்கி வருகிறார்.

பதில் போடுங்கள். நீங்கள் கடிதம் போடும் வாரம் எனக்குப் பொழுது சீக்கிரம் போய்விடுகிறது.

மலர்க்கொடி


மஞ்சக்குப்பம்,
12.2.2025

மலர்க்கொடிக்கு உத்திராபதி எழுதுவது.

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. ஒரு கண்ணியமான மனிதன் வேட்டி எடுத்தனுப்பினால், வாங்கியவர் ஒரு வரி எழுத வேண்டும். நீ நாலு பத்தி எழுதியிருக்கிறாய், அதில் மச்சான் ஒரு வார்த்தை பேசவில்லை. பீரோவில் வைத்தாயாம். பீரோ கட்டிக்கொள்ளவா வேட்டி எடுத்தேன்?

வருஷத்தில் நாலு தடவை வருகிற மனுஷன். வந்தால் வாசலிலேயே நின்று, “எழுத்தர் வீட்டுல இருக்காரா? என் பொண்டாட்டி மேல ஒரு மனு எழுதணும்” என்று தெருவே கேட்கச் சத்தம் போடுவார். அவர் இப்படி வாயை அடைத்துக்கொண்டு இருக்கிறார் என்றால், யாரோ எங்கள் நடுவில் கோள் மூட்டியிருக்கிறார்கள். யாரென்று தெரியவில்லை. யோசித்தால் தலைக்குள் புகை மாதிரி வருகிறது.

ஆகவே சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன். செல்வத்தைக் கூட்டிக்கொண்டு விருத்தாசலம் பக்கம் மணவாளநல்லூர் போய், கொளஞ்சியப்பர் கோயிலில் மச்சான் பேரில் பிராது கட்டிவிட்டேன். உனக்குத் தெரியாததா? மனிதர்களிடம் நியாயம் கிடைக்காதவன் தன் குறையைத் தாளில் எழுதி, சாமியிடம் வைத்து, முனியப்பர் சன்னிதியில் கட்டிவிட வேண்டும். முனியப்பர் போய் எதிராளியை விசாரித்து வழிக்குக் கொண்டு வருவார். காரியம் முடிந்ததும் கட்டியவனே வந்து வாபஸ் வாங்க வேண்டும். எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், எனக்கென்று எழுதியது இதுதான் முதல் தடவை.

“சாமி, சிதம்பரத்தில் வசிக்கும் என் மச்சான் கோவிந்தசாமி பல மாதங்களாக என்னைப் பார்க்க வரவில்லை, கடிதமும் போடவில்லை. மனுதாரர் அறிந்து அவருக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை. மேற்படியாரை விசாரித்து, என்ன கோபம் என்று கேட்டு, மனுதாரரிடம் பேச வைக்க வேண்டுகிறேன்.” இதுதான் வாசகம்.

கோயில்காரர் படித்துவிட்டு, “சொத்துத் தகராறா பெரியவரே?” என்றார்.

“இல்ல. பேச மாட்டேங்கறாரு.”

“அதுக்கா பிராது?”

“அதைவிட வேற எதுக்குய்யா?” என்றேன். செல்வம் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

மிஷின் விஷயம். உன் பேச்சையும் கேட்க மாட்டேன், டாக்டர் பேச்சையும் கேட்க மாட்டேன். மச்சான் தன் கைப்பட எழுதட்டும், வைத்துக்கொள்ளுங்கள் என்று. அன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன். வேறு யார் எழுதினாலும் செல்லாது. இதுதான் என் முடிவு.

உத்திராபதி


சிதம்பரம்,
21.2.2025

வினோதினிக்கு அத்தை எழுதுவது. செல்வமும் நீயும் சுகமா? குழந்தைக்குப் பரீட்சை எப்போது?

நேற்று போனில் நீ கேட்டதைப் பற்றித்தான். “சிதம்பரம் மாமா பேருல நீங்களே எழுதிடுங்க அத்தை, ஆபரேஷன் நடந்தாப் போதும்” என்றாய். நீ அழுததால் அப்போது ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டேன்.

எழுதலாம்தான். அவர் எப்படிப் பேசுவார் என்று எனக்குத் தெரியாதா? அது பெரிய காரியம் இல்லை.

ஒன்று மட்டும் டாக்டரிடம் கேட்டுச் சொல். அந்த மிஷின் வைத்தால் அண்ணனுக்கு எவ்வளவு தூரம் தெளியும்? வழி, கிழமை, இந்த மாதிரி மட்டுமா? இல்லை, எல்லாமேவா? இந்த ஊரில் என்னைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கோவிந்தசாமி இருந்தார், இருந்தார் என்றுதான் பேசுகிறார்கள். அவர் முட்டிவலி குறைந்ததா என்று கேட்கிறவர் ஒருவர்தான்.

சரி, அதை விடு. கேட்க வேண்டாம். நான் எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நாள் கொடு.

அத்தை


சிதம்பரம்,
9.3.2025

அருமை மச்சான் உத்திராபதிக்கு, பிராது வாங்கிய எதிராளி கோவிந்தசாமி எழுதிக்கொள்வது.

நான் சௌக்கியம். முட்டிவலி இப்போது சுத்தமாக இல்லை. நீங்கள் சௌக்கியம் இல்லை என்று கேள்விப்பட்டேன். முனியப்பர் வந்து கதவைத் தட்டியதும் எனக்கு விஷயம் தெரிந்துபோயிற்று. ஏன் ஓய், ஒரு வேட்டிக்காகச் சாமி வரைக்கும் போவீரா? வேட்டி நன்றாகத்தான் இருக்கிறது. கரைதான் கொஞ்சம் அகலம். கட்டினால் கட்சிக்காரன் மாதிரி இருப்பேன்.

கோபம் ஒன்றும் இல்லை மச்சான். உங்கள் மேல் எனக்கு எந்தக் காலத்திலும் கோபம் இருந்ததில்லை. கொஞ்சம் தூரமாக வந்துவிட்டேன், அவ்வளவுதான். எழுதச் சோம்பல்.

அந்த மிஷினை வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கெல்லாம் பட்டா வாங்கிக் கொடுத்த ஆள், ஒரு தீப்பெட்டி அளவு டப்பாவுக்கு நடுங்குகிறீர் என்று வெளியே தெரிந்தால் எனக்குத்தான் அவமானம், பெண் எடுத்த இடம் ஆயிற்றே. பாதி வெளிச்சத்தில் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பீர்கள்? எழுந்திருங்கள். பார்க்க வேண்டியதைத் தெளிவாகப் பாருங்கள். அழ வேண்டியது இருந்தால் ஒரு முறை அழுது முடியுங்கள்.

மலர்க்கொடியை நடுவில் திட்டாதீர்கள். அவள் பாவம்.

கோவிந்தசாமி


மஞ்சக்குப்பம்,
24.4.2025

மலர்க்கொடிக்கு,

உடம்பு தேவலாம். தையல் பிரித்துவிட்டார்கள். இடது தோளுக்குக் கீழே புடைத்திருக்கிறது, தொட்டால் தெரிகிறது. நாடி அறுபதுக்குக் கீழே இறங்குவதில்லை. கால் வீக்கம் வடிந்துவிட்டது. டீக்கடை இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. நான் தோற்றுவிட்டேன் என்று செல்வம் சிரித்துக்கொள்கிறான். சிரிக்கட்டும்.

எல்லாம் வந்துவிடவில்லை. சில இடங்கள் எழுத்து நனைந்த தாள் மாதிரி இருக்கின்றன. போனதெல்லாம் திரும்புமென்று சொல்ல முடியாது என்கிறாள் டாக்டரம்மா. இந்தத் தடவை கடிகாரத்தில் முள் போட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை செல்வத்தோடு கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனேன். மச்சான் கடிதம் போட்டுவிட்டார், பிராதை வாபஸ் வாங்க வேண்டுமே. செல்வம் வேண்டாம் என்றான், வெயில் என்றான், பஸ்ஸில் கூட்டம் என்றான். நான் விடவில்லை. அதே கோயில்காரர்தான் இருந்தார்.

“காரியம் முடிஞ்சுதா பெரியவரே?”

“முடிஞ்சுது. லெட்டர் போட்டுட்டாரு.”

“அப்ப ஆளு வந்து பேசிட்டாரா?”

நான் பையிலிருந்து கடிதத்தை எடுத்தேன், அவரிடம் காட்டலாம் என்று. அந்த வெளிச்சத்தில் அதை விரித்தேன். ஆஸ்பத்திரியில் பத்துத் தடவை படித்த கடிதம். அது உன் கையெழுத்து, மலர்க்கொடி. ஸ்லேட்டில் உன் கையைப் பிடித்து எழுத வைத்தவன் நான். அது எப்படி எனக்கு அத்தனை நாளும் தெரியவில்லை? செல்வத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“செல்வம், ஒங்க மாமா எப்படா செத்தாரு?”

அவன் சொன்னான், “பொரட்டாசிப்பா.”

“நான் போனனா?”

“போனீங்கப்பா.”

கோயில்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப வாபஸா, இல்லியா?” என்றார். நான் சொன்னேன்: “இல்ல. அது அப்பிடியே நிலுவையில கெடக்கட்டும்.” வெளியே வந்து ஒரு சோடா குடித்தேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தேன். அழுதேனா என்று கேட்காதே.

இப்போது உன் பேரில் இருக்கும் குற்றம். எதிர்மனுதாரருக்குப் பதில் சொல்ல உனக்கு யார் வக்காலத்துக் கொடுத்தது? செத்தவர் சார்பில் ஒருத்தி கையெழுத்துப் போடலாம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? ஐந்து மாதம் ஒரு இறந்த மனுஷனோடு என்னைச் சண்டை போட விட்டிருக்கிறீர்கள். வினோதினி, செல்வம், நீ, மூன்று பேரும் கூட்டு. நான் அவருக்கு வேட்டி எடுத்தேன்! தாலி இழந்தவளுக்கு வளையல் அனுப்பினேன்! ஒருத்தராவது என் கையைப் பிடித்து நிறுத்தவில்லை. இதை நான் மன்னிக்கப் போவதில்லை, எழுதி வைத்துக்கொள்.

ஆனால் ஒன்று தெரிந்தாக வேண்டும். அவர் போனது இப்போது எனக்குத் தெரிகிறது. அந்த நாட்கள் மட்டும் வரவில்லை. எவ்வளவு முயன்றும் வரவில்லை. புருஷன் போனால் பிறந்த வீட்டுக் கோடிப் புடவையை அண்ணன்தான் போட வேண்டும். நான் போட்டேனா? செல்வத்தைக் கேட்டால் “போட்டீங்கப்பா” என்று சொல்லிவிட்டுப் போனை நோண்டுகிறான். அவன் சொல்கிற விதமே சரியில்லை. அன்றைக்கு நான் என்ன செய்தேன்? எனக்கு இரக்கப்பட்டு எதையும் மாற்றி எழுதாதே. நடந்ததை நடந்தபடி எழுது. போடவில்லை என்றால் இப்போது ஒரு கோடி எடுத்துக்கொண்டு வருகிறேன். ஊர் என்ன சொன்னாலும் சரி.

உத்திராபதி


சிதம்பரம்,
5.5.2025

அன்புள்ள அண்ணனுக்கு மலர்க்கொடி எழுதுவது.

நாடி சரியாக ஓடுகிறது என்று படித்ததும் தாளைக் கீழே வைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். வெயில் நேரத்தில் வெளியே போகாதீர்கள். இடது கையைத் தூக்கி எதையும் எடுக்காதீர்கள்.

நடந்ததைக் கேட்டீர்கள். எழுதுகிறேன்.

கருமாதி அன்றைக்குக் காலையில் பந்தலில் என்னை உட்கார வைத்திருந்தார்கள். நீங்கள் கோடிப் புடவையைத் தாம்பாளத்தில் ஏந்திக்கொண்டு எனக்கு எதிரே நின்றீர்கள். “போடுங்க, நேரமாவுது” என்று பங்காளிகள் சொன்னார்கள். நீங்கள் போடவில்லை. சுற்றும் முற்றும் பார்த்தீர்கள்.

“மச்சான் எங்க? அவரு பாக்காம எப்பிடிப் போடறது? போன தடவை கலர் புடிக்கலன்னு ஒரு மாசம் சொல்லிக் காட்டுனாரு. கூப்புடு அவரை” என்றீர்கள்.

ஒப்பாரி வைத்த பெண்கள்கூட நிறுத்திவிட்டார்கள். செல்வம் உங்கள் கையைப் பிடித்தான், உதறினீர்கள். “மச்சான்! எழுந்து வாய்யா!” என்று உள்ளே பார்த்துச் சத்தம் போட்டீர்கள். யாரோ ஒருவர் உங்களைத் தள்ளிக்கொண்டு போகலாம் என்று எழுந்தார்.

நான் எழுந்துவிட்டேன். எழுந்திருக்கக்கூடாது என்றார்கள். உங்கள் கையிலிருந்து புடவையை வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அவர் கட்டிலை மடித்து நிறுத்தியிருந்தார்கள். அந்த இடத்துக்கு எதிரே நின்று புடவையைப் பிரித்து, முந்தானை தெரியும்படி விரித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். அவர் செத்ததிலிருந்து என்னைச் சுற்றி ஆள் இல்லாமல் இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான். அப்புறம் மடித்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

“பாத்துட்டாருண்ணா. நல்லா இருக்குன்னாரு” என்றேன்.

உங்கள் முகத்தில் ஒரு திருப்தி வந்தது. கோடியை என் தோளில் போட்டீர்கள். முறையாகத்தான் போட்டீர்கள்.

வக்காலத்து யார் கொடுத்தது என்று கேட்டீர்கள். அன்றைக்கு அந்த அறையில் எடுத்ததுதான் அண்ணா. கேட்டு எடுக்கவில்லை. அதற்குப் பிறகு கீழே வைக்க எனக்கு மனசு வரவில்லை. நீங்கள் மன்னிக்க வேண்டாம்.

கோடி எடுத்துக்கொண்டு வர வேண்டாம். அது ஆயிற்று. வெறுங்கையோடு வாருங்கள். வந்து உட்கார்ந்து, பதில் போடாததற்கு அவரை நன்றாகத் திட்டுங்கள். இந்த வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அவர் நல்லவர், நல்லவர் என்று மட்டும்தான் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

மலர்க்கொடி